உலுருவில் 'ஃபீல்டு ஆஃப் லைட்': பாலைவனத்துக்குப் போயும் மின்விளக்குதான் பார்க்க வேண்டுமா?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மெல்பனில் இருக்கிறோம். ஜூலையில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். உலுருவைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. பூகோள வாத்தியாராக இருந்தவர். அந்தச் சிவப்புப் பாறையைப் பாடப் படத்தில் காட்டியதோடு சரி. விமானம், தங்கும் அறை எல்லாம் போட்டாகிவிட்டது.

இப்போது விடுதிக்காரர்கள் 'ஃபீல்டு ஆஃப் லைட்' என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். 50,000 விளக்குத் தண்டுகளை மணலில் நட்டு வைத்திருக்கிறார்களாம், அதற்குள் நடந்து பார்க்கலாமாம். நாலு பேருக்கு டிக்கெட் கணக்குப் போட்டால் கை தயங்குகிறது. அதைவிட ஒரு கேள்வி உறுத்துகிறது. சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஊர் வெளிச்சமே இல்லாத இடம். தலைக்கு மேலே பால்வீதி இலவசம். அங்கே போய்க் காசு கொடுத்து விளக்கு பார்ப்பானேன்? போனவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

பெர்த்_பரணி:
வேண்டாம். அந்தக் காசில் ஒரு நல்ல கம்பளிச் சட்டை வாங்குங்கள். ஜூலை ராத்திரி அங்கே பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போகும்.

கொக்குவிலான்:
வைகைக்கரை தங்கச்சி, நான் சிட்னியில் இருந்து குடும்பத்தோடு போய்ப் பார்த்தவன். பரணி சொன்ன குளிர் உண்மை. மற்றபடி எனக்கு மாற்றுக் கருத்து.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன், கனக்கப் பேர் அதைத் திருவிழா சீரியல் பல்பு மாதிரி நினைக்கிறார்கள். மெல்லிய, கண்ணாடி போன்ற ஒரு தண்டு. அதன் உச்சியில் மங்கலான கண்ணாடிக் குமிழ். அப்படி ஐம்பதாயிரம், சரிவான மணல்வெளி முழுக்க. தரையில் ஒளியிழைகள் கொடி போலப் படர்ந்து கிடக்கும், அவையும் லேசாக ஒளிரும். நிறம் திடீரென்று மாறாது. காவி, ஊதா, நீலம், வெள்ளை என்று ஒன்றுக்குள் ஒன்று கரையும். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த பகுதி எப்போது நிறம் மாறியது என்றே சொல்ல முடியாது.

செய்தவர் புரூஸ் மன்றோ என்ற ஆங்கிலேயர். இளம் வயதில் சில வருடங்கள் சிட்னியில் வேலை செய்தவர். 1992-இல் உலுருவில் கூடாரம் போட்டுத் தங்கியபோது இந்த எண்ணம் வந்து குறிப்பேட்டில் வரைந்து வைத்தாராம். வறண்ட மண்ணுக்குள் விதைகள் வருடக்கணக்கில் காத்திருந்து, ஒரு மழைக்கு ஒன்றாகப் பூக்கின்றன அல்லவா, அதுதான் மூலம். இவருடைய விதைகள் மழைக்குப் பதிலாக இருட்டுக்குக் காத்திருக்கின்றன. இங்கிலாந்து திரும்பி, 2004-இல் இலண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் முதல் வடிவம் ஒன்றை வைத்தார். வில்ட்ஷயரில் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலிலும் நட்டுப் பார்த்தார். 2008-இல் கார்ன்வாலில் ஈடன் புராஜெக்ட் என்ற தாவரப் பூங்காவில் 6,000 தண்டுகள். ஆக, எண்ணம் பிறந்த மண்ணுக்கு அது திரும்பி வர 2016 ஏப்ரல் ஆகியிருக்கிறது. ஓராண்டுக்கு என்றுதான் தொடங்கினார்கள், சனம் விடவில்லை. நீட்டித்து நீட்டித்து இன்னும் நிற்கிறது.

பால்வீதி இலவசம் என்றீர்கள். ஓம், ஆனால் ஒன்றைப் பார்த்தால் மற்றது போய்விடும் என்று யார் சொன்னது? விளக்குகள் முழங்கால் உயரத்தில் மங்கலாக எரிகின்றன. அண்ணாந்தால் வானம் அப்படியே இருக்கிறது.

சிடுமூஞ்சி:
அண்ணன் சொல்வது அழகாகத்தான் இருக்கிறது. நான் கொஞ்சம் கல்லெறிகிறேன், கோபிக்க வேண்டாம்.

இந்த 'உள்ளே நடந்து அனுபவிக்கும் கலை' இப்போது ஒரு சரக்கு. இதே ஃபீல்டு ஆஃப் லைட் 2019-இல் கலிஃபோர்னியாவின் பாசோ ரோபிள்ஸில் 15 ஏக்கரில் முளைத்தது. 2023 டிசம்பரில் நியூயார்க்கில், ஐ.நா. தலைமையகத்துக்குப் பக்கத்து வெற்றிடத்தில் முளைத்தது. உலுருவின் மண்ணில் பிறந்த கலை என்றால் மன்ஹாட்டனில் அதற்கு என்ன வேலை? எங்கே வேண்டுமானாலும் நடலாம் என்றால் அது எந்த இடத்துக்கும் சொந்தமில்லை.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். நியூ மெக்சிகோவில் வால்டர் டி மரியா 1977-இல் செய்த 'லைட்னிங் ஃபீல்டு'. 400 எஃகுக் கம்பங்கள், ஒரு மைல் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலத்தில் கட்டம் கட்டமாக நட்டவை. மின்சாரம் கிடையாது. ஒரு நேரத்தில் ஆறு பேருக்கு மேல் போக முடியாது. இரவு அங்கேயே மரக்குடிலில் தங்க வேண்டும். படம் எடுக்கக் கூடாது. பெயரில் மின்னல் இருந்தாலும் மின்னல் விழுவதே அபூர்வம். காலையிலும் மாலையிலும் சாய்வெயில் படும்போது கம்பங்கள் எரிவதும், உச்சி வெயிலில் காணாமலே போவதும்தான் காட்சி. வெளிச்சத்தை வெயிலே போடுகிறது, கலைஞன் இடத்தை மட்டும் தயார் செய்கிறான். அது சிற்பம். கையில் மதுக் கிண்ணத்தோடு பேருந்தில் வந்து இறங்கிப் பார்ப்பது சுற்றுலாப் பொட்டலம்.

நார்க்கம்பி:
சிடுமூஞ்சி, ஆறு பேருக்கு மேல் பார்க்க முடியாது என்பதும் ஒருவிதமான விற்பனை உத்திதான் ஐயா. :)

நான் தொலைத்தொடர்பில் ஒளியிழை வேலை பார்ப்பவன். கலை எனக்குத் தெரியாது, கம்பி தெரியும். ஆகவே ஒன்றைத் தெளிவாக்குகிறேன்: அங்கே 50,000 பல்புகள் இல்லை. தண்டில் மின்சாரமே கிடையாது. ஓரமாக ஆங்காங்கே ஒளிபெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் மெதுவாக நிறம் மாறும் ஒரு விளக்கு. அதிலிருந்து கற்றையாகப் புறப்படும் இழைகள் பிரிந்து பிரிந்து ஒவ்வொரு தண்டுக்கும் போகின்றன. இழைக்குள் ஒளி சுவரில் பட்டுப் பட்டு உள்ளேயே திரும்பிப் போய்க்கொண்டிருக்கும், முனையில்தான் வெளியே வரும். அங்கே மங்கல் குமிழ் அதைப் பரப்பிக் காட்டுகிறது. உலுருவில் போட்ட இழையின் நீளம் 380 கி.மீ. என்கிறார்கள்.

எங்கள் தொழிலில் பக்கவாட்டில் ஒளி கசிந்தால் அது பழுது, ஆளை அனுப்பிச் சரி செய்வோம். இந்த மனிதர் அந்தக் கசிவையே அழகாக்கியிருக்கிறார். அண்ணன் சொன்ன 'தரையில் ஒளிரும் கொடி' அதுதான். இழையை உறை போடாமல் விட்டால்தான் அது தெரியும்.

இந்த அமைப்பில் இன்னும் சில சௌகரியம் உண்டு. மழை பெய்தாலும் ஷாக் அடிக்காது. குமிழ் சூடாகாது. நிறம் அலை அலையாக நகர்வதற்கு, ஒவ்வொரு பெட்டியும் தன் பாட்டுக்கு நிறம் மாறினால் போதும், பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் முன்பின்னாக மாறும். எல்லாம் சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. பகலில் தகடு சேமிக்கும், இரவில் செலவாகும். கிட்டத்தட்ட 15 டன் சாமான். இத்தனையையும் அந்த வனாந்தரத்துக்குக் கொண்டுபோய்க் கையால் நட்டவர்களைத்தான் நான் கும்பிடுவேன்.

பரமட்டா_பாமா:
நார்க்கம்பி அண்ணா, பகலில் போனால் எப்படி இருக்கும்?

நார்க்கம்பி:
புல் மேல் யாரோ கோலிக்குண்டு செருகி வைத்தது மாதிரி இருக்கும் பாமா. பகலில் காட்டவும் மாட்டார்கள். அந்தி, இரவு, விடியலுக்கு முன் மட்டும்தான்.

ஒளிப்பெட்டி:
நான் படம் எடுப்பவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. வைகைக்கரை, நீங்கள் விளம்பரத்தில் பார்த்த படத்தை மறந்துவிட்டுப் போங்கள். அதெல்லாம் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, பல நொடி திறந்து வைத்து எடுத்தவை. அதில் தரை முழுக்கத் தணல் மாதிரி தகதகக்கும். நேரில் பாதி வெளிச்சம்கூட இருக்காது. 'இவ்வளவுதானா' என்று பேருந்துப் பக்கமே திரும்பிப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

மங்கலாக இருப்பதுதான் அதன் உயிர் என்பது என் கட்சி. இருட்டுக்கு நம் கண் முழுதாகப் பழக அரைமணி நேரம்கூட ஆகலாம். முதல் பத்து நிமிடத்தில் தெரிவது வேறு, அரைமணி கழித்துத் தெரிவது வேறு. இடையில் ஒரு தடவை கைப்பேசித் திரையைப் பார்த்தீர்களானால் கண் மறுபடி ஆரம்பத்துக்குப் போய்விடும். ஆகையால் படம் எடுப்பதானால் முதலிலேயே எடுத்துவிட்டு, போனை உள்ளே வைத்துவிட்டு நடங்கள். ஃப்ளாஷ் அடிப்பவர்களுக்கு என் சாபம் உண்டு.

நிலவையும் பாருங்கள். முழுநிலவன்று விண்மீன்கள் போய்விடும், ஆனால் பாறை தெரியும். அமாவாசை ஒட்டிப் போனால் பால்வீதி. ஜூலையில் தெற்கு வானத்தில் பால்வீதியின் நடுப்பகுதி இரவில் உச்சிக்கு வரும். அப்பாவுக்குச் சதர்ன் கிராஸ் விண்மீன் கூட்டத்தின் அருகே இருக்கும் கரிய திட்டைக் காட்டுங்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பலருக்கு அது ஈமு பறவையின் தலை. நாம் விண்மீன்களைக் கோடு போட்டு உருவம் பார்க்கிறோம், அவர்கள் விண்மீன்களுக்கு நடுவே உள்ள இருட்டில் உருவம் பார்க்கிறார்கள்.

சிடுமூஞ்சி:
இதைத்தான் நானும் சொல்கிறேன் ஒளிப்பெட்டி! இருட்டிலேயே உருவம் கண்ட மக்களின் மண்ணில் போய் விளக்கு நடுவதா?

இன்னொன்று, பூச்சிகள். செயற்கை வெளிச்சம், அதிலும் நீலம் கலந்தது, பூச்சிகளை இழுக்கும். பாலைவனத்தில் இரவுதான் உயிர்கள் நடமாடும் நேரம். சூரிய மின்சாரம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் பசுமையாகிவிடுமா?

கொக்குவிலான்:
பூச்சி விஷயம் நியாயமான கேள்வி தம்பி. என்னிடம் பதில் இல்லை.

'அந்த மக்களின் மண்ணில்' என்றீர்கள். அதைக் கொஞ்சம் விரித்துக் கதைக்க வேண்டும், ஏனென்றால் இந்த உரையாடலில் எல்லோரும் விளக்கைப் பற்றியே கதைக்கிறோம், மண்ணைப் பற்றிக் கதைக்கவில்லை. நிலத்தைப் பறிகொடுத்த சனத்திலிருந்து வந்தவன் நான், அதனால் என் கண் அங்கேதான் முதலில் போகிறது.

உலுரு, அந்தப் பகுதிப் பழங்குடிகளான அனங்கு மக்களுடையது. 1985 அக்டோபர் 26-ந் தேதி அரசு நிலவுரிமையை அவர்களிடம் திருப்பிக் கொடுத்தது. கொடுத்த கையோடு 99 வருடக் குத்தகைக்குத் தேசியப் பூங்காவாக வாங்கியும் கொண்டது. அதுதான் நிபந்தனை. பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 25 சதவீதம் அவர்களுக்குப் போகிறது. பாறை மேல் ஏறாதீர்கள் என்று அவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டும், சங்கிலியைப் பிடித்து ஏறுவது நிற்கவில்லை. 2019 அக்டோபர் 26-ந் தேதிதான் மூடினார்கள். கடைசி வாரங்களில் மலையேற நின்ற வரிசையின் படம் நினைவிருக்கிறதா? எறும்புச் சாரை.

அதோடு வைத்துப் பார்த்தால், இந்த விளக்கு வெளி தேசியப் பூங்காவுக்குள் இல்லை. வெளியே, யுலாரா விடுதி நிலத்தில், பாறை தூரத்தில் தெரியும்படி இருக்கிறது. அந்த விடுதியைப் பழங்குடி நில நிறுவனம் 2011-இல் வாங்கியது, பழங்குடி இளைஞர்களுக்கு அங்கேயே பயிற்சிக்கூடமும் வைத்தார்கள். அனங்கு மக்கள் இதற்குத் தங்கள் பிட்ஜண்ட்ஜட்ஜரா மொழியில் 'திலி விரு ஜுட்டா ந்யாகுட்ஜாகு' என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள், நிறைய வடிவான விளக்குகளைப் பார்ப்பது என்று அர்த்தம். வெள்ளைக்காரர் ஒருவர் வந்து யாரையும் கேட்காமல் நட்டுவிட்டுப் போன கதை இல்லை.

அதற்காக எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். என் மனக்குறை வேறு. அங்கே ஒரு மணிநேரம் நடந்தும் அந்த மண்ணைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவில்லை. மன்றோவின் கனவைப் பார்த்தேன், வடிவாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வகையில் 2023 மே மாதம் அங்கேயே தொடங்கிய 'விந்திரி விரு' என்ற வானக்காட்சி எவ்வளவோ மேல். ஆயிரத்துக்கு மேற்பட்ட ட்ரோன்களை வைத்து, மாலா எனப்படும் அனங்கு மூதாதையர் கதையின் ஒரு பகுதியை அனங்கு மக்களின் ஒப்புதலோடும் அவர்கள் குரலோடும் வானத்தில் சொல்கிறார்கள். தொழில்நுட்பம் என்று பார்த்தால் அதுதான் பெரிய ஆரவாரம். ஆனால் கதை யாருடையது என்பதில் குழப்பம் இல்லை.

சிடுமூஞ்சி:
ட்ரோன்! அதற்கு இந்தத் தண்டுகளே தேவலை. :)

விடுதியை யார் வாங்கினார்கள் என்பதும் ஒப்புதல் பற்றிச் சொன்னதும் எனக்குப் புதுத் தகவல். அந்தக் கல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 'எங்கும் நடலாம்' என்ற கல் அங்கேயே கிடக்கட்டும்.

பெர்த்_பரணி:
அந்தக் கல்லை நான் எடுக்கிறேன். முதலில் வேண்டாம் என்று சொன்னவன்தான், ஆனால் எங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவில் இதே மனிதர் செய்ததைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஊர்த் துரோகம்.

பெர்த்திலிருந்து தெற்கே 400 கி.மீ.க்கு மேல் போனால் ஆல்பனி என்ற துறைமுகம். 1914 நவம்பரில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் கப்பல் அணி முதல் உலகப் போருக்குப் புறப்பட்டது அங்கிருந்துதான். ஏறிப்போனவர்களில் எத்தனையோ பேருக்கு நாட்டின் கடைசிக் காட்சி அந்தக் குன்றுகள். போர் முடிந்த நூற்றாண்டுக்காக 2018 அக்டோபரில் மவுண்ட் கிளாரன்ஸ் குன்றில், இறந்த வீரர்களின் நினைவாக மரம் நட்ட சாலையோரமாக, மன்றோ 16,000 குமிழ்களை நட்டார். அடுத்த ஏப்ரல் 25, போர் வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாள் வரை எரிந்தன. அங்கே ஊதாவும் காவியும் இல்லை. வெள்ளை, பச்சை, பொன்மஞ்சள் மட்டும். ஆஸ்திரேலியாவின் வாட்டில் பூ, நியூசிலாந்தின் கோவாய் பூ இரண்டின் நிறங்கள்.

ஒரே தண்டு, ஒரே குமிழ். ஆனால் உலுருவில் நட்டால் பாலைவனப் பூ, ஆல்பனியில் நட்டால் திரும்பி வராத பிள்ளைகள். ஆகையால் பொருள் தண்டில் இல்லை சிடுமூஞ்சி, நட்ட இடத்தில் இருக்கிறது. இடத்தோடு ஒட்டாமல் நட்டால் உங்கள் குற்றச்சாட்டு செல்லும்.

ஜெர்சி_ஜெயா:
பரணி சார் சொன்னதன் மறுபக்கத்தை நான் பார்த்தேன். மன்ஹாட்டன் சங்கதி. ஈஸ்ட் ரிவர் ஓரம், நுழைவு இலவசம், 17,000 குமிழ் அளவில். நல்ல குளிர். சுற்றிலும் அடுக்குமாடி வெளிச்சம், பின்னால் வண்டிச் சத்தம், முன்னால் விளக்குகள் பாவம் போலக் கண்சிமிட்டின. என் பையன் ஐந்து நிமிடத்தில் 'எங்கே சூடா சாக்லேட் கிடைக்கும்' என்றான். அங்கே மன்றோவின் போட்டியாளர் நியூயார்க் நகரம், ஜெயித்ததும் நகரம்தான்.

பாசோ ரோபிள்ஸ் அப்படி இல்லை. ஓக் மரங்கள் நிற்கும் குன்றுகள், 58,800 தண்டுகள், சரிவில் இறங்கி மேட்டில் ஏறி நடக்கலாம். சாப்பாடு, பாட்டு எல்லாம் உண்டு, கொஞ்சம் பொருட்காட்சி வாடைதான். ஆனால் அங்கே பிற்பாடு 17,000-க்கு மேற்பட்ட ஒயின் பாட்டில்களை அடுக்கி 69 கோபுரங்கள் செய்து உள்ளே ஒளியிழை ஓட்டியிருக்கிறார். ஒயின் விளையும் ஊரில் ஒயின் பாட்டில். எனக்கு வயலைவிடக் கோபுரங்கள்தான் பிடித்தன.

பரமட்டா_பாமா:
அதே ஆள் 2010-இல் 6 லட்சம் பழைய குறுந்தட்டுகளை வயலில் பரப்பிக் கடல் மாதிரி ஆக்கியவர்தானே? யாருக்கும் வேண்டாத சாமானை வைத்து இந்த மனுஷன் என்னவோ செய்கிறார்.

வைகைக்கரை:
அம்மாடி, ஒரு டிக்கெட் கேள்விக்கு இவ்வளவு பதில்! எல்லோருக்கும் நன்றி.

முடிவு செய்துவிட்டோம், போகிறோம். கொக்குவிலான் அண்ணா சொன்ன நிலவுரிமைக் கதையை அப்பாவிடம் போனில் சொன்னேன். '99 வருடக் குத்தகையா, அப்ப 2084-இல் என்ன ஆகும்' என்று கேட்டுவிட்டு, தானே தேடிப் படிக்கிறேன் என்றார். மூன்று நடைமுறைக் கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி, மணலில் நடக்க முடியுமா? நாமே காரில் போகலாமா? இரவா, விடியற்காலையா?

ஒளிப்பெட்டி:
சொந்தக் காரில் போக முடியாது. விடுதிப் பேருந்தில்தான் அழைத்துப் போவார்கள். மணற்குன்று உச்சியில் நின்று சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கும் வகை ஒன்று, நேரே வயலுக்கு மட்டும் போகும் வகை ஒன்று. அம்மாவுக்கு இரண்டாவது போதும், மேடு ஏற வேண்டாம். வயலுக்குள் இருப்பது மண் பாதைதான், இருட்டில் கால் வைக்கக் கவனம் வேண்டும். பதிவு செய்யும்போதே முழங்காலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

என் ஓட்டு விடியற்காலைக்கு. இரவில் விளக்குகள் மெல்ல ஏறும், விடியலில் மெல்லத் தோற்கும். கூட்டமும் குறைவு. வானம் வெளுக்க வெளுக்க விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணிலிருந்து நழுவ, அந்தப் பக்கம் பாறை தெரிய ஆரம்பிக்கும்.

பெர்த்_பரணி:
விடியற்காலை என்றால் இரண்டு கம்பளிச் சட்டை.

கொக்குவிலான்:
பூங்காவுக்குள் பாறையைச் சுற்றி நடக்கும்போது சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும், அனங்கு மக்களின் புனித இடங்கள். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பூங்கா நுழைவுச் சீட்டு வேறு, விளக்கு வெளிச் சீட்டு வேறு. ஒன்று வாங்கினால் மற்றதும் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

ஜெர்சி_ஜெயா:
நேரம் இருந்தால் அந்தப் பக்கத்துக் கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்குக்கும் ஒரு எட்டு. 2023 ஏப்ரல் முதல் மன்றோவின் 69 ஒளிக் கோபுரங்கள் அங்கேயும் நிற்கின்றன, இசையோடு. நான் போனதில்லை, போகிறவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
யுலாராவிலிருந்து அங்கே 300 கி.மீ. காட்டுகிறது. அப்பா இப்போதே வரைபடத்தை எடுத்துவிட்டார். அம்மா பேருந்தில் மூன்று மணிநேரத்துக்கு மேல் உட்காரமாட்டார். போய் வந்து எழுதுகிறேன்.

சிடுமூஞ்சி:
எழுதும்போது பூச்சி இருந்ததா என்று பார்த்து எழுதுங்கள்.